வெந்த ஆற்றில் ஒரு சால்மன்

1

சால்மன் மீனைப் பற்றி யாராவது மேடை ஏறிப் பேசத் தொடங்கினால் எனக்குக் கை துறுதுறுக்கும். கனடாவில் பத்துத் தமிழர் கூடினால் ஒருவருக்காவது இந்த மீன் ஞாபகம் வந்துவிடும். பிறந்த ஆற்றைத் தேடிக் கடல் கடந்து வருமாம், அருவியில் பாய்ந்து ஏறுமாம், நாங்களும் அப்படித்தான் ஒரு நாள் ஊருக்குத் திரும்புவோமாம். சொல்பவர் யார் என்று பார்த்தால், ஊரில் நுளம்பு கடிக்கிறது என்று பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ஓடி வந்தவராக இருப்பார்.

இந்த ஓகஸ்ட் தொடக்கத்தில் மொன்றியலில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல். நானும் மகள் துஷாவும் பின்வரிசையில் இருந்தோம். மேடையில் ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர். “தாய்மண்ணின் வாசம் பிடித்து அந்த மீன் திரும்புகிறதே” என்று அவர் குரலை உயர்த்தியபோது நான் எழும்பிவிட்டேன்.

“திரும்பிப் போன மீனுக்கு அங்க என்ன நடந்ததெண்டும் சொல்லுங்க ஐயா!”

“அண்ணை, இருங்கோ. பேந்து கதைப்பம்,” என்றார் அவர்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். பேந்தாவது பின்னாவது. மேடைக்குப் போய் ஒலிவாங்கியைப் பிடித்து இழுத்தேன். அவரும் விடவில்லை. கதிரை சரிந்தது. அவருடைய கண்ணாடி விழுந்து என் சப்பாத்துக்குக் கீழே நொறுங்கியது. பின்னால் யாரோ என் சேர்ட்டைப் பிடித்து இழுக்கப் பொத்தான்கள் தெறித்தன. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகை கேட்டுத்தான் கையை எடுத்தேன்.

துஷா என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்து காரில் ஏற்றினாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அப்பா, நீங்க உயிரோட ஒரு சால்மனைக் கண்டிருக்கிறீங்களா?”

இல்லை.

“நாளையிண்டைக்கு நான் ஆத்துக்குப் போறன். என்னோட வாற பிள்ளை கால உடைச்சுப்போட்டுது. நீங்க வாங்க. அடிபடுறதெண்டால் அங்க வந்து ஆத்தோட அடிபடுங்க.”

2

உயிரோடு கண்டதில்லையே தவிர, சால்மனை என்னளவுக்கு வெட்டியவர்கள் இந்த ஊரில் குறைவு. வீடு இருக்கும் லொங்குய்யில் இருந்து மஞ்சள் வழி மெட்ரோ பிடித்து, மாறி, டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் பின்கதவால் நுழைந்தால் என் பலகையில் அது காத்திருக்கும். எல்லாம் பண்ணை மீன். குடல் எடுத்து, ஐஸ் போட்டு, ஒரே அளவில், ஒரே நிறத்தில் வரும். தலையை வெட்டுவேன், முள்ளைப் பிடுங்குவேன், தோலை உரிப்பேன். கூட்டுக்குள் பிறந்து கூட்டுக்குள் கொழுத்த சீவன். அது எந்த ஆற்றையும் தேடியதில்லை. செஃப் “வித், வித்” என்று கத்துவார். கெதியா, சீக்கிரம் என்று அர்த்தம். என் பிரெஞ்சு முக்கால்வாசியும் இப்படிக் கத்தலில் படித்ததுதான்.

மகளோ மொன்றியல் தீவின் மற்ற முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில், அதே மீனின் இரத்தத்தைப் படிக்கிறாள். ஆறுகள் சூடாகிக்கொண்டு வரும்போது எந்த மீன் சாகிறது, எது தப்புகிறது, தப்புவது பரம்பரையில் வருகிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அவளுக்கும் எனக்கும் இடையில் தமிழ் வருடா வருடம் மெலிந்துகொண்டு வந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டன். வாறியா, வாறன். அவளுடைய தாய்க்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை என்பதால் அவர்கள் இருவரும் பிரெஞ்சில் நீளமாகக் கதைப்பார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பேன்.

என்னோடும் கொஞ்சம் நீளமாகக் கதைப்பாளே என்றுதான் ஆற்றுக்குச் சம்மதித்தேன். மீனுக்காக இல்லை.

3

இடையில் என் தம்பி ஈசனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேடையில் நான் ஏன் கை வைத்தேன் என்பது அப்போதுதான் விளங்கும்.

ஈசனும் கனடா வந்தவன்தான். அதே சமையலறையில் என் பக்கத்தில் கோப்பை கழுவினான். ஒரு பனிக்காலம் தாங்கினான். ஊரில் பேச்சுவார்த்தை, சமாதானம் என்று செய்தி வந்ததும் மட்டக்களப்புக்குத் திரும்பிப் போகப்போகிறேன் என்று நின்றான். நாங்கள் அப்போது இருந்தது வெளியே இரும்புப் படி வைத்த பழைய வீடு ஒன்றின் மூன்றாம் மாடி. அவனுடைய பெட்டியைத் தூக்கி அந்தப் படிகளில் எறிந்தேன். உருண்டு போய்ப் பனியில் திறந்து கிடந்தது. அவன் இறங்கிப்போய் உடுப்புகளைப் பொறுக்கி, உதறி, மடித்து வைத்தான். கோபப்படவேயில்லை. போய்விட்டான்.

சமாதானம் முறிந்ததும் ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வைத்து அவனைச் சுட்டார்கள். யார் என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ஊரிலிருந்து மச்சான் தவம்தான் தொலைபேசியில் சொன்னான். “முதல் வெடிக்கு விழுந்துட்டான் மச்சான். கிடந்து அசைஞ்சுகொண்டிருந்தான். பிறகு கிட்ட வந்து இன்னொண்டு வச்சாங்கள். கஷ்டப்படல்ல. துடிக்க விடல்ல.”

ஓகஸ்ட் கடைசியில் ஈசனின் ஆண்டுத் திவசம் வரும். ஒவ்வொரு ஆண்டுக்கும் தவம் தொலைபேசி எடுப்பான். கோயிலில் சாப்பாடு கொடுத்தோம், மழை பெய்யவில்லை, சனம் வந்தது என்று சொல்லி, கடைசியில் அதே வசனத்தில் முடிப்பான். துடிக்க விடல்ல. ஆறுதலாகத்தான் சொல்கிறான். எனக்கு ஒவ்வொரு முறையும் தொலைபேசியைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருக்கும்.

4

சென் லோரன் ஆற்றின் கரை பிடித்துக் கிழக்கே போய்க்கொண்டேயிருந்தோம். ஆறு அகன்று, உப்பு மணந்து, கடலாகிவிட்டது. அதில் வந்து விழும் சின்ன ஆறுகளில் ஒன்றுதான் துஷாவின் ஆறு. காட்டுக்குள் போகும் வழியில் மீன்காவலர் ஒருவர் மறித்தார். துஷாவின் அனுமதிப்பத்திரத்தில் உதவியாளர் பெயரை மாற்றி என் பெயர் போட அவள் அலுவலகத்தோடு தொலைபேசியில் மல்லுக்கட்டியிருந்தாள். காவலர் என் பெயரை நாலு இடத்தில் முறித்து வாசித்தார். என்னைப் பார்த்தார். கடவுச்சீட்டுப் படத்தைப் பார்ப்பதுபோல இன்னொருமுறை பார்த்தார். பிறகு, ஆறு இந்தக் கிழமை மிகவும் சூடு, தூண்டில்காரர் எல்லோரையும் நிறுத்திவிட்டோம், கவனம் என்று துஷாவிடம் சொன்னார்.

விடியற்காலைதான் தண்ணீர் குறைந்த சூட்டில் இருக்கும் என்று வெளிச்சம் வந்தவுடன் இறங்கினோம். இடுப்புவரை ரப்பர் காற்சட்டை. கனடா ஆறு, குளிர் வெட்டிப்போடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீர்போல வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அருவருத்தது.

கரையோரக் கற்களில் செத்த மீன்கள். கடற்பறவைகள் கண்ணைத்தான் முதலில் கொத்தியிருந்தன. வயிறு ஊதி, செதிலில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. நான் வெட்டும் மீனில் நாற்றம் இல்லை. இது எங்கள் ஊர் மீன்சந்தை மூடிய பிறகு அடிக்கும் நாற்றம்.

மலையிலிருந்து நிலத்தடி ஊற்று ஒன்று ஆற்றில் கலக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் குளிர். உயிரோடு மிஞ்சிய சால்மன் எல்லாம் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அழகு என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை ஒன்று மோதின, கடித்தன. பின்னால் இருந்த சின்னது குளிருக்குள் தலையை நுழைத்தால் முன்னால் நின்றது திரும்பி விலாவில் இடித்தது. ஒன்றுக்கு வால் கிழிந்து நார்நாராகத் தொங்கியது.

ஷெல் அடித்த நாட்களில் ஊர்ச்சனம் எல்லாம் கோயிலுக்குள் அடைந்து கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அங்கேயும் மூலை பிடிக்கச் சண்டை நடந்தது.

“எல்லாரும் ஒரே இடத்தில நிண்டால் கொல்றவனுக்கு வேலை லேசு,” என்றேன்.

“ஓம் அப்பா. போன வருசம் ஆரோ வந்து வலையப் போட்டு இந்த இடத்தில அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள்.”

பிறகு அவள் கதைத்தாள். நீளமாகவே கதைத்தாள். தமிழ் போதாத இடத்தில் கையால் கதைத்தாள். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, பெரிய உடம்புக்கு அது கூடுதலாக வேண்டும், அதனால் பெரிய மீன்தான் முதலில் சாகும் என்றாள்.

“அப்ப சின்னனா வந்தால் தப்பும்?”

“தப்பும். ஒரு வருசம் கடல்ல நிண்டு சின்னனா வாறதா, ரெண்டு மூண்டு வருசம் நிண்டு பெரிசா வாறதா எண்டது கனக்க ரத்தத்தில இருக்கு. பெரிசுகள் செத்துக்கொண்டே போனால் பெரிசா வாற ரத்தமே இந்த ஆத்தில இல்லாமப் போயிரும். ஒரு பெரிய பொம்பிளை மீன் போடுற முட்டைய சின்னதுகள் கனக்கச் சேர்ந்துதான் போட வேணும்.”

“சால்மன் வந்து முட்டை போட்டதும் செத்துப்போகுமெண்டுதானே சனம் சொல்லுது.”

“அது மேற்குப் பக்கத்துக் கடல் மீன். இது சாகாது. கொஞ்சமாவது திரும்பக் கடலுக்குப் போகும். திரும்ப வரும். போய் வாற மீன் அப்பா இது.”

அப்போதுதான் பெரியவளைக் காட்டினாள். குளிர் ஊற்றின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பெண்மீன். இந்தக் கோடையின் சூட்டில் அதன் அளவு மீன்கள் எல்லாம் செத்துவிட்டன, இது மட்டும் நிற்கிறது. நல்ல இடத்தைப் பிடித்ததாலா, அல்லது சூட்டைத் தாங்கும் ஏதோ ஒன்று அதன் பிறப்பில் இருக்கிறதா? செட்டையில் ஒரு துணுக்கு எடுத்து, அடையாள ஊசி போட்டு விட்டால், இலையுதிர்காலத்தில் அது முட்டை போடும். வருகிற வருடம் அதன் குஞ்சுகளைத் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். துஷாவின் படிப்பு முழுக்க இந்த ஒரு மீனில் நின்றது. ஆற்றின் கதியும் கிட்டத்தட்ட அதில்தான் நின்றது.

5

வலையால் மெல்ல அணைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒரு ரப்பர் தொட்டிலில் பெரியவளை விட்டாள். குனிந்து அதன் காதோரம்போல ஒரு இடத்தில் “டூஸ்மோ, மா பெல்” என்றாள். மெதுவாக, என் அழகி என்று அர்த்தம். என் மகள் யாரோடும் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. செட்டையில் சின்னத் துணுக்கு வெட்டினாள். அடையாள ஊசி கை வழுக்கித் தண்ணீரில் போய்விட்டது. கரையில் இருந்த பெட்டியில் இன்னொன்று இருக்கிறது.

“தலை தண்ணி வாற பக்கம் பார்க்கப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்க. என்ன நடந்தாலும் விட்டிராதீங்க.”

பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பெரியவள் சரிந்தாள். வயிறு மேலே வந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது.

இதை நான் அறிவேன். எங்கள் வாவியில் முகத்துவாரம் அடைபட்டுத் தண்ணீர் கொதிக்கிற காலத்தில் கொடுவா மீனும் மணலை மீனும் கிறங்கி மேலே வரும். சனம் இறங்கிக் கையால் பிடிக்கும். பிடித்தவன் முதலில் செய்ய வேண்டியது தலையில் ஒரு அடி. கிறங்கின மீனைத் துடிக்க விடுவது பாவம் என்பது எங்கள் பக்கத்துச் சொல். நாங்கள் அறிந்த மட்டில் கிறங்கின மீன் எழும்பினதில்லை. எழும்ப யாரும் விட்டதில்லை என்பதை யார் யோசித்தார்கள்?

நானும் யோசிக்கவில்லை. கை யோசிக்காது. ஒரு கையால் பெரியவளை முழங்காலோடு அணைத்தேன். மற்றக் கையில் கல் வந்தது. கண்ணுக்குப் பின்னால், ஓங்கி, ஒன்று. எலும்பு இறங்கிய சத்தம் எனக்குப் பழகிய சத்தம். இரத்தம் என் கைக்குள்ளால் வழிந்து குளிர் ஊற்றில் கலந்தது. மற்ற மீன்கள் வெருண்டு சூட்டுக்குள் சிதறின.

துஷா ஊசியோடு வந்து நின்றாள். முதலில் கல்லைப் பார்த்தாள். பிறகு மீனை.

பிறகு என்மேல் விழுந்தாள். இரண்டு கையாலும் என் நெஞ்சில், தோளில், முகத்தில் அடித்தாள். சின்ன வயதில்கூட அவள் என்னை அடித்ததில்லை. நான் தள்ளாடித் தண்ணீரில் குந்திவிட்டேன். அப்போதும் விடவில்லை.

“களைச்சுப்போய் இருந்தா அப்பா! களைப்பு! தலையத் தண்ணிக்கு எதிரா வச்சுப் பிடிச்சுக்கொண்டிருந்தால் எழும்பியிருப்பா! பிடிச்சிருங்க எண்டுதானே சொன்னன்! பிடிச்சிருங்க எண்டு!”

அவளைச் சமாதானப்படுத்த என் வாயில் வந்தது இதுதான்:

“கஷ்டப்படல்ல மனே. துடிக்க விடல்ல.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வாந்தி வந்தது. ஆற்றிலேயே எடுத்தேன்.

6

கரையில் வைத்துத் துஷா பெரியவளின் வயிற்றைக் கீறினாள். நான்தான் கத்தி பிடிக்கத் தெரிந்தவன், ஆனால் அவள் என்னைக் கிட்ட விடவில்லை. உள்ளே இரண்டு பக்கமும் செம்மஞ்சள் முட்டைக் கொத்து. எடுத்து வளர்க்க ஏலாதா என்று கேட்டேன்.

“இன்னும் பழுக்கல்ல,” என்றாள்.

அந்த நேரம் ஊற்றுக்குக் கீழே, சூட்டுத் தண்ணீரில், ஒரு நடுத்தர மீன் வயிறு காட்டி மிதந்து வந்தது. என் கல்லுக்கு வெருண்டு குளிரை விட்டு ஓடியவற்றில் ஒன்று.

“பிடிங்க!” என்று கத்தினாள்.

“என்ட கையால வேணாம்.”

“உங்கட கைதான் பெரிசு. பிடிங்க!”

ஓடிப்போய்ப் பிடித்தேன். ஊற்று வாய்க்குக் கொண்டுவந்து, ஒரு கை வாலடியில், மற்றக் கை வயிற்றின் கீழ், முகம் நீருக்கு எதிராக. செவுள் அசையவில்லை. நான் கையை விடவில்லை. கெஞ்ச எனக்குத் தெரியாது. திட்டத்தான் தெரியும். எழும்படா நாயே, எழும்பு, உனக்கு ஆரு சொன்னது இஞ்ச வரச்சொல்லி, ஏன்டா வந்தாய், எழும்பு. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். தம்பியின் பெட்டியை எறிந்தபோது சொன்னதும் அதில் இருந்திருக்கும். சூரியன் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. செவுள் ஒருமுறை விரிந்தது. நின்றது. மறுபடி விரிந்தது.

பிறகு ஒரு உதறல். வால் என் முகத்தில் அறைந்தது. கீழுதடு பல்லில் கிழிந்து வாயெல்லாம் இரத்தம். மீன் கையை விட்டுப் போய், குளிருக்குள் நின்ற ஒரு சின்னதை இடித்துத் தள்ளி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நன்றி கெட்ட சீவன். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

காவலருக்குத் துஷாதான் தொலைபேசியில் சொன்னாள். சூட்டில் செத்தது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். அவள் சொல்லவில்லை. “என் அப்பா கொன்றுவிட்டார்” என்று சொன்னாள். அந்த அளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். இந்தக் கோடைக்கு இனி மீனைத் தொடக்கூடாது என்று அவளுடைய அனுமதியை நிறுத்தினார்கள். லொங்குய் வரும்வரை அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. போகும்போது ஆறு கடலானது. வரும்போது கடல் சுருங்கி ஆறாகியது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வேலைக்குப் போனதும் செஃப் என் உதட்டைப் பார்த்து யார் அடித்தது என்று கேட்டார். சால்மன் என்றேன். சமையலறை முழுக்கச் சிரித்தது. பலகையில் இருந்த பண்ணை மீனின் தலையை அன்று என்னால் வெட்ட முடியவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் தள்ளிவிட்டு வெங்காயம் உரித்தேன்.

7

ஈசனின் ஆண்டு வந்தது. மனைவி மரக்கறி சமைத்துப் படைத்தாள். துஷா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். என்னைப் பாராமல் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தாள்.

தவம் தொலைபேசி எடுத்தான். கோயில், சாப்பாடு, மழை. பிறகு வழக்கம்போல, “எப்படியோ மச்சான், அவன் கஷ்டப்படல்ல. துடிக்க…”

“தவம், நிப்பாட்டு.”

நிறுத்தினான். நான் கத்தவில்லை. எனக்கே புதினமாக இருந்தது.

“இனி அதை எனக்குச் சொல்லாத. துடிச்சுக்கொண்டு கிடந்தான் எண்டால் உயிரோட இருந்தான். ஆராவது பிடிச்சிருந்தால் எழும்பியிருப்பான். இவ்வளவு வருசமும் கேட்கல்ல, இப்ப கேட்கிறன். நீ கண்டனியா?”

தவம் எங்கேயோ தள்ளிப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“கண்டன் மச்சான். வேலிக்கு இஞ்சால நிண்டன். வரப் பயம்.” மூச்சு வாங்கினான். “கையை ஊண்டி எழும்பப் பார்த்தான். முழங்கால் வரைக்கும் எழும்பிட்டான். அதுக்குப் பிறகுதான் மற்ற வெடி.”

தொலைபேசியை மேசையில் வைத்தேன். தம்பி செத்த நாளில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு காலமும் வண்டி ஓட்டினேன். இப்போது வாயைத் திறந்தேன், சத்தம் வந்தது, நிறுத்தத் தெரியவில்லை. மனைவி பயந்து எழும்பினாள். அவளுக்கு முன்னே துஷா வந்துவிட்டாள். என் பின்னால் நின்று, ஒரு கையை முதுகிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்து, சரியாமல் என்னை நிமிர்த்திப் பிடித்தாள்.

“டூஸ்மோ, அப்பா,” என்றாள். “டூஸ்மோ. நான் பிடிச்சிருக்கிறன்.”